மெர்ஹேவனின் கடைசி விளக்கு

கடல் தின்ற மனிதர்களைப் பற்றிப் பெருமை பேசியே பிழைக்கிற ஊர்கள் உலகத்தில் நிறைய உண்டு, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மெர்ஹேவனும் அவற்றில் ஒன்று. அந்த ஊரின் கதையை ஞாயிற்றுக்கிழமைதோறும் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, மூடிய குடையை உயர்த்திப் பிடித்தபடி, சுற்றிப்பார்க்க வந்த சனத்தைப் பின்னால் நடக்கவிட்டுச் சொல்லிக்கொண்டு போனவள் காரைநகரில் பிறந்த தவமலர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் அதைச் சொல்லமாட்டார்கள்.

தவமலரும் அவள் கணவர் குலவீரசிங்கமும் நாட்டில் சண்டை மூண்ட காலத்தில் ஓடி வந்து, லண்டனில் சில காலம் அல்லாடிவிட்டு, மெர்ஹேவனின் மேட்டுத் தெருவின் உச்சியில் பேப்பரும் பாலும் பாண் ரொட்டியும் விற்கிற ஒரு கடையை எடுத்து, அதற்கு மேலேயே குடியிருந்தார்கள். ஊர் அவளைத் 'தாவா' என்றும் அவரை 'குல்' என்றும் வாய்க்கு வசதியாக வெட்டிக்கொண்டது. அவர்களும் வெட்டுப்பட்ட பெயரோடு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். வரலாற்றுச் சங்கத்தின் தலைவி வின்னி ஸ்டோக்லி காலையில் பேப்பர் வாங்க வருவாள், கவுண்டரில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவாள், தவமலர் கேட்டுக்கொண்டே பாண் அடுக்குவாள். ஒரு குளிர்காலத்தில் வின்னிக்கு முழங்கால் மக்கர் பண்ணியபோது, "தாவா டியர், என்னைவிட உனக்குத்தான் இப்போது அதிகம் தெரிகிறது, நீயே கூட்டிக்கொண்டு போயேன்" என்று தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். அன்றைக்கு அந்தச் சட்டைக்குள் வின்னியின் உடம்புச் சூடு இன்னும் இருந்தது, தவமலருக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு ஊரின் கதையைச் சொல்கிறவள் அந்த ஊர்க்காரி ஆகிவிடுவாள் என்று அவள் நம்பினாள். பாவம், நல்ல நம்பிக்கைதான்.

நடை கடற்பாலத்தின் அடியில் தொடங்கும். அங்கே கேப்டன் ஜோப் ஸ்டோக்லியின் வெண்கலச் சிலை விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். கேப்டன் என்பது மரியாதைக்குச் சொல்வது, அந்த மனிதர் விக்டோரியா மகாராணி காலத்தில் குளியல் வண்டிகளை வாடகைக்கு விட்டவர், அதாவது சீமாட்டிகளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக் குதிரை பூட்டிக் கடலுக்குள் இழுத்துப்போகிற மரப்பெட்டி வண்டிகள். வின்னிக்குக் கொள்ளுத் தாத்தா. அங்கிருந்து மீனவர் சந்து, பிறகு ஒரு பிரபுவின் மனைவி பல்வலியோடு தங்கிய ஹோட்டல், பிறகு இசைக்குழு மேடை, கடைசியில் மாதா கோயில் வாசலில் இருக்கும் கல். ஒரு நவம்பர்ப் புயலில் கல்கத்தாவிலிருந்து வந்த 'லேடி வார்ட்டன்' என்ற கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்ததையும், கேப்டன் ஸ்டோக்லி விடியும்வரை விளக்கோடு கரையில் நின்றதையும், ஆனாலும் ஒருவரும் கரை சேரவில்லை என்பதையும் அந்தக் கல் சொல்லும்.

அந்தத் துக்கத்துக்காக மெர்ஹேவனில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் உடைந்த நாளன்று, இருட்டியதும் கோயில் மணி அடிக்கும், கடலோரத் தெருவில் தொடங்கி மேடு நோக்கித் தெருத் தெருவாக எல்லா வீட்டு விளக்குகளையும் அணைத்துக்கொண்டே வருவார்கள், ஊரே இருண்டபிறகு மேட்டில் ஒரே ஒரு வீட்டுச் சன்னலில் மட்டும் ஒரு விளக்கு எரியும். அதைக் கடைசி விளக்கு என்பார்கள். அந்த வருடத்துக்குத் தேர்ந்தெடுத்த மனிதர் அதை வாயால் ஊதி அணைப்பார், கூடி நிற்கிற சனம் கையுறையோடு கைதட்டும், மறுபடி மணி அடிக்கும், எல்லாருக்கும் சூடாகச் சூப் கிடைக்கும். கடைசி விளக்குக்கு உரியவராவது மெர்ஹேவனில் ராஜ மரியாதை, கல்லறைத் தோட்டத்தில் தாத்தா படுத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது வாய்க்கும். குலவீரசிங்கம் வருடா வருடம் பின்வரிசையில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

இப்படி இருக்கையில், ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்கள் நடைக்கு வந்தார்கள்.

ஆரவாரம் ஒன்றும் இல்லை. தவமலர் ஹோட்டல் வாசலில் நின்று, இங்கே ஆக்னஸ் என்ற சலவைக்காரி கொதிக்கிற துணித்தொட்டியில் விழுந்து இறந்தாள் என்று சொன்னபோது, கூட்டத்தின் கடைசியில் இருந்து, முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்ட ஒரு பெண், "தொட்டி இல்லை அம்மா, அண்டா" என்று பணிவாகத் திருத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இசைக்குழுத் தலைவர் ஒருவர் தன் ஊதுகுழலில் இருந்து கடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் ஹெரிங் மீன் வியாபாரி ஒருவர், அவருக்கும் பின்னால் இன்னும் சிலர், எல்லாருடைய உடையின் விளிம்பும் ஈரமாக இருந்தது. சுற்றிப்பார்க்க வந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் ஆக்னஸிடம், அண்டாவா, செம்பா இரும்பா என்று கேட்டார். அவள் செம்பு என்றாள்.

மெர்ஹேவன் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வாடகை வீட்டுக்கு வந்த நல்ல குடித்தனக்காரர்களைப்போல எடுத்துக்கொண்டது. சாலை கடக்கும்போது ஆபத்து என்று கவுன்சில் அவர்களுக்கும் மஞ்சள் சட்டை கொடுத்தது. பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் அவர்களை வரவேற்று, முன்வரிசை பெஞ்சுகள் ஈரமாவதால் பின்வரிசையில் உட்காரும்படி அன்போடு கேட்டுக்கொண்டார். நாய்கள் முதல் வாரம் குரைத்தன, அடுத்த வாரம் வாலாட்டின. மீனும் சிப்சும் விற்கிற டெரி, இறந்தவர்களுக்குச் சாப்பிட வயிறு இல்லை என்று கண்டுகொண்டு, அவர்கள் கடையைக் கடக்கும்போது வினிகர் போத்தலைத் திறந்து ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழேயும் ஒரு முறை காட்டுவான், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மோந்துவிட்டு நன்றி சொல்லிப் போவார்கள். வெளியூர்களில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. எங்கள் இறந்தவர்கள், எங்கள் இறந்தவர்கள் என்று ஊரே தோளைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. அவர்களும் கதவின் நிறம், குதிரையின் பெயர், மீனின் விலை என்று சின்னச் சின்னத் திருத்தங்களாகத்தான் சொன்னார்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் உயிரோடிருந்தவர்கள் மகிழ்ந்து சிரித்தார்கள். பெயர்போன இறந்தவர்களில் வராதவர் கேப்டன் ஸ்டோக்லி ஒருவர்தான். வின்னிக்கு அதில் கொஞ்சம் மனக்குறை.

அக்டோபரில், தூறல் விழுந்த ஒரு ஞாயிறு, தவமலர் கோயில் கல்லருகே நின்று வழக்கம்போல, "ஒருவரும் கரை சேரவில்லை" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, ஒருத்தரும் கரை சேரேல்லை எண்டு கல்லிலை கிடக்கு என்று தமிழில் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"சேந்தோம் தங்கச்சி" என்று கூட்டத்தின் வாலில் இருந்து ஒரு குரல் தமிழில் சொன்னது.

அவள் கையில் இருந்த குடை தாழ்ந்தது. வெறுங்காலோடு, மெல்லிய பருத்திச் சட்டையோடு, தலையில் துணி சுற்றிய ஒரு மெலிந்த மனிதர் நின்றார். மற்ற இறந்தவர்களுக்குக் குளிர் என்பதே கிடையாது, இவர் மட்டும் பல் தந்தியடிக்க நடுங்கினார். கடைக்கு வெளியே, கணவரைத் தவிர வேறொருவர் வாயில் இருந்து, அந்த ஊரின் தெருவில் தமிழ் வந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நானா, நீங்கள் ஆர்? இவ்வளவு காலமும் எங்கை இருந்தனீங்கள்?" என்றாள், முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் கூப்பிடுகிற முறையில்.

"நாகூரு. சேகு நெய்னா எம்பேரு. இங்கனதான் இருக்கேன், நான் சொல்றது யாருக்கும் வெளங்கலன்னு பேசாம நடந்துக்கிட்டிருந்தேன். கப்பல்லேர்ந்து கரை சேந்தோம். சேரலன்னு கல்லுல எழுதியிருக்குன்னு இப்பத்தான் நீ சொல்லித் தெரியுது."

என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று எல்லாரும் கேட்டார்கள். கரை சேர்ந்தார்களாம் என்று தவமலர் மொழிபெயர்த்தாள். திருத்தம் என்று நினைத்து எல்லாரும் மகிழ்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு ஊன்றுகோலோடு கூட வந்திருந்த வின்னி சிரிக்கவில்லை. ஆக்னஸும் சிரிக்கவில்லை, அவள் தன் ஏப்ரனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாரும் கலைந்தபிறகு, சேகு நெய்னா அவளைத் தன் நடைக்குக் கூட்டிப்போனார். அதே ஊர், அதே தெருக்கள், ஆனால் அவள் நிற்கிற இடம் ஒன்றிலும் அவர் நிற்கவில்லை. அவர் நின்றதெல்லாம் வெறும் வீட்டு வாசல்கள். கப்பலில் காய்ச்சல் கண்டிருந்ததால் மஞ்சள் கொடி பறந்தது, மணல்திட்டில் மோதியதும் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், கப்பலில் வேலை பார்த்த நாகூர்க்காரர்களும் நாகப்பட்டினத்தாரும் சிட்டகாங்காரர்களுமாகப் பனியில் ஏறி வந்து, வெளிச்சம் தெரிந்த முதல் வாசலுக்குப் போனார்கள்.

"இந்தக் கதவு. தட்டலாம்னு கையத் தூக்குனோம், உள்ள வெளக்கு அணஞ்சிச்சு. சரி, தூங்குறாங்கன்னு அடுத்த வூடு. கையத் தூக்குனோம், அணஞ்சிச்சு. அப்புறம் நாங்க தெருவுக்குள்ள நொழையிறதப் பாத்தாலே அணைக்க ஆரம்பிச்சாங்க. கீழேர்ந்து மேடு வரைக்கும். நாங்க ஏற ஏற ஊரு இருண்டுக்கிட்டே போச்சு தங்கச்சி."

தவமலர் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வருடா வருடம் தானும் கைதட்டிய வழக்கம் எங்கே பிறந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஒருத்தருமே திறக்கேல்லையோ நானா?"

"ஒருத்தன் தெறந்தான். கையில வெளக்கு. நல்ல மொகம். தோளத் தொட்டான், சிரிச்சான், கீழ கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனான். பனிக்காக மேல இழுத்து வச்ச பொட்டி வண்டி வரிசையா நின்னுச்சு. உள்ள ஏறுங்க, கம்பளியும் கஞ்சியும் கொண்டாறேன், இருங்கன்னு கையால சொன்னான். ஏறுனோம். வெளியில தாப்பாப் போட்டான். காத்து அடிக்குமேன்னுதான் போட்டான்னு நெனச்சேன். விடியிறவரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். பாதிப் பேரு அதுக்குள்ளயே வெறச்சுட்டாங்க. விடிஞ்சதும் நாலு பேரு வந்து வண்டியோட கடலுக்குள்ள தள்ளிட்டாங்க."

கடற்பாலத்தடியில் கேப்டன் ஸ்டோக்லி விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சேகு நெய்னா அந்த வெண்கல முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"காய்ச்சக் கப்பல்னு பயந்தாங்க. பயம் தப்பில்ல, புள்ளகுட்டி இருக்கிற ஊரு. கதவத் தெறக்காம வுட்டிருந்தா வேற ஊரு பாத்து நடந்திருப்போம். வர்றேன்னு சொன்னான் பாரு. அதான் இன்னும் ஆற மாட்டேங்குது."

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கப்பல் உடைந்த அந்த ஒரு மாலையில் மட்டும் அவர் கைக்குக் கதவு தட்டுகிற வலு வரும். வருடா வருடம் தட்டக் கையைத் தூக்குகிறார், வருடா வருடம் அணைக்கிறார்கள். விளக்கு எரிகிற ஒரு வீடு, அவர் தட்டும்போது திறக்கிற ஒரு கதவு, கணப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான், குளிர் விட்டதும் எழுந்து போய்விடுவார்.

"எங்கட வீடு இருக்குத்தானே நானா. அண்டைக்கு நான் திறந்து விடுறன்" என்றாள் தவமலர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஊரின்மேல் ஆசை. ஒரு வீடு போதாது, ஊரே திறக்கவேண்டும், அப்போதுதான் ஊர் சுத்தமாகும் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிற்றில் இருந்து நடையில் சேகு நெய்னாவின் கதையைச் சொல்லத் தொடங்கினாள், அவரை முன்னால் நிறுத்தி, அவர் சொல்லச் சொல்ல, வாசல் வாசலாக. அந்த வீடுகளில் எல்லாம் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், சிலர் அதே குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. மெர்ஹேவனில் யாரும் கத்துவதில்லை. பாவம், அவருக்கு நினைவு தடுமாறுகிறதோ என்றார்கள். அவர் என்ன சொல்கிறார் என்பது தாவா ஒருத்திக்குத்தானே புரிகிறது என்றார்கள். மற்ற இறந்தவர்களைக் கேட்டார்கள். ஆக்னஸ் தனக்கு அன்றிரவு நல்ல தூக்கம் என்றாள், மீன் வியாபாரி வெளியூர் போயிருந்ததாகச் சொன்னார், இசைக்குழுத் தலைவர் தான் அதற்குப் பிந்திய காலத்தவர் என்று கவனமாகச் சொல்லிவிட்டுத் தன் குழலைத் துடைத்தார். டெரியின் வினிகர் போத்தல் சேகு நெய்னாவின் மூக்குக்குக் கீழே வரும்போது மட்டும் மூடியிருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். குலவீரசிங்கம் விற்காத பாணைச் சாயங்காலம் கடற்காகங்களுக்குப் பிய்த்துப் போடுவார்.

"மலர், நீர் ஏன் உந்தக் கதையளுக்குப் போறீர்? அந்தாள் செத்து எத்தினை காலம். நாங்கள் இஞ்சை உயிரோடை இருக்கவேணும்."

"அவர் எங்கட பாஷை கதைக்கிறார் அப்பா." கணவரை அவள் அப்பா என்றே கூப்பிடுவாள்.

"அதுக்கு? எங்கட பாஷை கதைச்ச சனத்திட்டை இருந்துதானே ஓடி வந்தனாங்கள், கன பேரிட்டை இருந்து."

அதில் உண்மை இருந்தது, அதனால் அவளுக்குக் கோபம் வந்தது. ஊர்ச்சனத்தின் கண்ணைப் பார்த்துப் பார்த்தே இவர் கூன் விழுந்து போனார் என்று நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. வின்னியிடம் போனாள். வின்னி தேநீர் ஊற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளைத் தொட்டாள்.

"தாவா டியர், இது எங்கள் வெட்கம். இந்த வருடம் விளக்கணைப்பு வேண்டாம். எல்லா விளக்கும் எரியட்டும், கதவெல்லாம் திறக்கட்டும். முதல் கதவு என்னுடையதாக இருக்கும், ஸ்டோக்லி வீட்டுக் கதவு. நான் எல்லாரிடமும் பேசிவிடுகிறேன், நீ ஒன்றும் செய்யவேண்டாம். அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக் குடில்கள் பக்கம் இரு. நானே வந்து கூட்டிப்போகிறேன்."

தவமலர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வெளியே மழையில் நின்ற சேகு நெய்னாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"வர்றேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் அவர்.

"ஓம் நானா. தானே வாறன் எண்டு சொன்னவ."

அவர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார். "நீ நல்ல புள்ள" என்றார்.

அந்த வாரத்தில் கடைக்கு மறுபடி ஆட்கள் வந்தார்கள். பேப்பரை நிறுத்தியவர்கள் திரும்ப வாங்கினார்கள், பாண் தீர்ந்தது, பாதிரியாரின் மனைவி குலவீரசிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். பார்த்தீர்களா, ஊர் நல்ல ஊர்தான் என்று தவமலர் சொன்னாள். அவர் ஓம் என்றார். நகரத்துக்குப் போய் ஒரு புதுக் கோட்டு வாங்கி வந்தார், கறுப்பு, வெல்வெட் கழுத்து வைத்தது, ஏதும் கலியாணமோ என்று அவள் கேட்டதற்கு, விசேஷ நாள்தானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அவள் அந்தக் கோட்டை ஆசையாகத் தூசி தட்டித் தொங்கவிட்டாள். தங்கள் வீட்டுக் கதவையும் அன்றைக்குத் திறந்து வைக்கச் சொன்னாள். "நீர் யோசியாதையும்" என்றார்.

அந்த நாளில் அவள் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு சேகு நெய்னாவோடு கடற்கரைக்குப் போனாள். குளியல் வண்டிகள் நின்ற இடத்தில் இப்போது வண்ணம் அடித்த மரக் குடில்கள் இருக்கின்றன, ஒன்றின் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கடல் கறுத்தது. ஊரெல்லாம் விளக்கேற்றியது, படி படியாக மேடு வரைக்கும், அவளுக்கு அது திருவிழாவைப்போல இருந்தது. இப்போது வருவாள் என்றாள். முழங்கால் வலியாக இருக்கும், மெல்லத்தான் வருவாள் என்றாள். சேகு நெய்னா கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, ஊரைப் பார்க்காமல் குடிலின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. கடலோரத் தெரு இருண்டது.

"இல்லை, இல்லை" என்று தவமலர் எழுந்தாள். மீனவர் சந்து இருண்டது. ஹோட்டலின் சன்னல்கள் மாடி மாடியாக இருண்டன. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், ஐஸ்கட்டியைப் பிடித்ததுபோல இருந்தது, ஓடி ஓடி ஒவ்வொரு வாசலுக்கும் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினாள், அவர் கையைத் தூக்கினார், விளக்கு அணைந்தது, அவர் அடுத்த வாசலில் கையைத் தூக்கினார், விளக்கு அணைந்தது. ஸ்டோக்லி வீட்டின் பித்தளை வளையத்தை அவளே பிடித்து இடி இடியென்று இடித்தாள். உள்ளே இருட்டில் ஊன்றுகோல் தரையைத் தொடுகிற சத்தம் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதும் கேட்டது.

"வின்னி, நான்தான்! தாவா!"

ஊன்றுகோல் சத்தம் உள்ளே விலகிப் போனது. தன்னை ஏமாற்றிவிட்டாள் என்பது அவளுக்கு மண்டையில் அடித்தாற்போல் உறைத்தது. அந்த வாசலில் நின்று தமிழில் வைதாள், காரைநகரை விட்டு வந்தபிறகு வாயில் எடுக்காத சொற்களால் வைதாள். சேகு நெய்னா அவள் தலையைத் தொட்டார்.

"வுடு தங்கச்சி. வருசா வருசம் பாக்குறதுதான்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஊரெல்லாம் இருண்டு கிடக்க, மேட்டுத் தெருவின் உச்சியில் ஒரே ஒரு சன்னலில் விளக்கு எரிந்தது. அது அவளுடைய வீடு.

"நானா, அங்கை பாருங்கோ! எங்கட வீடு! இவர் எனக்காண்டி அணைக்காமல் வைச்சிருக்கிறார்!"

கணவரைப் பற்றித் தான் நினைத்ததற்கெல்லாம் வெட்கப்பட்டாள். இந்த ஊரே மறுத்தாலும் என்ரை மனுசன் திறப்பார் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள், சேகு நெய்னாவுக்கும் முதல் தடவையாக நடையில் வேகம் வந்தது, வெறுங்கால்கள் கல்லில் படபடவென்று விழுந்தன. உச்சிக்கு வந்தபோது கடைக்கு முன்னால் கூட்டம் நின்றது. பாதிரியார் நின்றார், டெரி நின்றான், ஆக்னஸும் மற்ற இறந்தவர்களும் மஞ்சள் சட்டையோடு ஓரமாக நின்றார்கள், எல்லாரும் வழிவிட்டார்கள், அந்த மரியாதையான விலகலில்தான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது.

கடையின் கண்ணாடிக்குப் பின்னால், வெல்வெட் கழுத்து வைத்த கறுப்புக் கோட்டோடு, தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, குலவீரசிங்கம் நின்றார். கையில் வரலாற்றுச் சங்கத்தின் பழைய விளக்கு. அந்த வருடத்துக்குக் கடைசி விளக்கு அவருடையது.

சேகு நெய்னா வாசலுக்குப் போனார். கையைத் தூக்கினார். விளக்கு அணையவில்லை. வாழ்விலும் சாவிலும் முதல் முறையாக, எரிகிற விளக்குக்கு முன்னால், அவர் விரல் கதவில் பட்டது. தட்டினார். மூன்று தட்டு, மெல்ல, வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்கிறோமே என்கிற தட்டு.

குலவீரசிங்கம் அவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் சொன்னது தவமலருக்கு நன்றாகக் கேட்டது.

"கொஞ்சம் பொறும் மலர். மணி அடிச்ச உடனை திறக்கிறன்."

ஊதி அணைத்தார். எல்லாரும் கையுறையோடு கைதட்டினார்கள்.

மணி அடித்ததும் ஊரெல்லாம் விளக்கு வந்தது, கடைக் கதவும் திறந்தது, உண்மைதான், அவர் சொன்ன சொல் தவறவில்லை. அதற்குள் சேகு நெய்னாவின் கையில் வலு போய்விட்டது, அவர் படி இறங்கிவிட்டார். சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சனம் உள்ளே போனது. குலவீரசிங்கத்தின் தோளில் ஆளுக்கு ஆள் தட்டினார்கள். உள்ளே போயிருந்தால் அவளுக்கும் சூப் கிடைத்திருக்கும். அவள் மஞ்சள் சட்டையைக் கழற்றி, வீட்டுச் சாவி அதன் பையிலேயே இருக்க, கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, அவர் பின்னால் இறங்கிப் போனாள்.

"நீ ஏன் வர்றே?" என்று கேட்டார் அவர்.

"அங்கை எனக்குக் குளிருது நானா."

"நட. நடந்தாக் கொஞ்சம் தெரியாது."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வின்னிதான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு நடத்துகிறாள். தவமலர் வாலில் நடக்கிறாள், சேகு நெய்னாவுக்குப் பக்கத்தில், உடையின் விளிம்பு ஈரமாக. ஊர் அதையும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. பாதிரியார் பின்வரிசை பெஞ்சைக் காட்டினார். கவுன்சில் அவளுக்கும் இறந்தவர்களின் கணக்கில் ஒரு மஞ்சள் சட்டை கொடுத்தது. எனக்குப் பசிக்கிறது என்று அவள் டெரியிடம் தெளிவான ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் அன்போடு போத்தலைத் திறந்து மூக்குக்குக் கீழே ஒரு முறை காட்டிவிட்டு, அடுத்த ஆளுக்குக் காட்டப் போனான். மேட்டுத் தெருவில் வின்னி புதிதாக ஒரு இடத்தில் நிற்கிறாள், இந்தக் கடையில்தான் மெர்ஹேவனின் வரலாற்றில் முதல் முறையாகக் கடல் கடந்து வந்த ஒருவர் கடைசி விளக்கை அணைத்தார் என்கிறாள். அப்போது கதவை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார் என்று தவமலர் பின்னால் இருந்து சொல்கிறாள். திருத்தத்தைக் கேட்டு எல்லாரும் மகிழ்ந்து சிரிக்கிறார்கள்.

குலவீரசிங்கம் கெட்டவர் இல்லை. மேல்வீட்டில் அவள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார், வாரத்தில் ஒரு நாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, அவளுக்குப் பிடித்த சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் தன் கையாலேயே சமைத்து, படத்துக்கு முன்னால் வாழை இலை கிடைக்காத குறைக்குப் பெரிய தட்டில் படைத்து, விழுந்து அழுகிறார். தாளிக்கிற வாசனை தெருவரைக்கும் வரும். அவள் கீழே நின்று, அப்பா, நான் சாகேல்லை, கதவைத் திறவுங்கோ என்று தட்டுவாள். மேலே அழுகை நிற்கும். படியில் காலடி கேட்கும், பாதிவரை இறங்கும், நிற்கும்.

பிறகு விளக்கு அணையும்.